ஞாயிறு கணக்கில் இல்லை

2025 ஏப்ரல் 15, செவ்வாய்க்கிழமை, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் தடைக்காலத்துக்காகக் கட்டப்பட்டன. அறுபத்தொரு நாள். அன்று காலை பத்து மணியளவில், மீன் வெட்டும் கொட்டகையில் தண்ணீர்க் குழாயை ஒட்டிய தூணடியில், சிலுவையம்மாள் தன் வெட்டுக்கட்டையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். நிமிர்ந்தபோது நெஞ்சு தாறுமாறாக அடிக்கத் தொடங்கியது. ஆறு மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் சரிசெய்து அனுப்பிய அதே கோளாறு.

பக்கத்துக் கட்டைக்காரி கெங்கம்மா என்ன என்று கேட்டாள். வெயில் என்றாள் சிலுவையம்மாள். கொட்டகைக்குள் வெயில் வருவதில்லை. கெங்கம்மா அதற்குமேல் கேட்கவில்லை. குழாயடி இடத்தின்மேல் அவளுக்குப் பன்னிரண்டு வருடமாகக் கண். ஆகவே அவள் கவனமாகப் பார்த்துவைத்துக்கொண்டாள்.

அந்தக் கொட்டகையில் இருபத்திரண்டு பெண்கள் வெட்டுகிறார்கள். ஏலத்திலும் கூறுகளிலும் மீன் வாங்குகிறவர்கள் பையோடு இங்கே வந்து செதில் நீக்கி, குடல் எடுத்து, துண்டு போட்டு வாங்கிப் போவார்கள். குழாயடி இடம் வாசலுக்கு நேரே இருக்கிறது. வருகிறவன் கண்ணில் முதலில் படுவது அது. தண்ணீருக்கு எழுந்து போக வேண்டியதில்லை. வரிசையின் கடைசியில் சாக்கடைப் பக்கம் உட்காருகிறவளைவிடக் குழாயடிக்காரி இரண்டு மடங்கு வெட்டுவாள். இடத்துக்குப் பட்டா கிடையாது. வழக்கம்தான் உண்டு. தடை முடிந்து படகுகள் மீனோடு திரும்பும் முதல் பெரிய ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்திலிருந்து பதினொன்று வரை, எழுந்திராமல் தன் கையால் யார் வெட்டுகிறாளோ, அடுத்த தடை வரும்வரை அந்த இடம் அவளுக்கு. மகளை உட்காரவைத்துவிட்டுப் போவது செல்லாது. சிலுவையம்மாள் பத்தொன்பது வருடமாக அந்த ஞாயிறன்று அங்கே உட்கார்ந்தவள். மூத்தவன் அலெக்ஸாண்டருக்கு அம்மை போட்டிருந்த வருடமும் உட்கார்ந்தாள்.

இந்த வழக்கத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு சங்கம் இருந்தது. அதற்குத் தலைவர் அருள்பிரகாசம். அவர் மீன் வெட்டியதில்லை. முத்திரை, லெட்டர்பேடு, வெள்ளைச் சட்டை மூன்றும் வைத்திருந்தார். சங்கம் எந்த அலுவலகத்திலும் பதிவாகவில்லை. போன அக்டோபரில் சிலுவையம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அவர் கொட்டகை வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார். 'மறுபிறவி கண்டு வரும் எங்கள் இதயமே வருக' என்று அதில் இருந்தது. அவள் படத்தை ரேஷன் கார்டிலிருந்து எடுத்திருந்தார்கள். போலீஸ் பிடித்து நிறுத்தியவள் போல இருந்தாள். அருள்பிரகாசத்தின் படம் அதைவிட இரண்டு மடங்கு பெரியது. கும்பிட்டுக்கொண்டு சிரித்தார். மழை வந்து ஃப்ளெக்ஸ் கிழிந்த பிறகு அதைக் கெங்கம்மா ஐஸ் பெட்டிக்கு மூடியாக வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சிலுவையம்மாள் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரிதான் சொல்வாள். தொடைவழியாகக் கம்பி விட்டார்கள். நெஞ்சுக்குள் கோளாறான இடத்தைச் சுட்டார்கள். முடிந்தது. இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் நடுங்குகிறது, சுட்டாலும் மூன்றில் ஒருவருக்கு அது திரும்பலாம் என்று டாக்டர் உமைமா அன்றே சொல்லியிருந்தார். சிலுவையம்மாள் காதில் சுட்டது மட்டும் விழுந்தது. சுட்டால் போனது போனதுதான் என்பது அவள் அறிவு.

ஆகவே கோளாறு திரும்பி வந்ததை அவள் ஒரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது மாடியிலிருந்த ஹவுசிங் போர்டு வீட்டுக்கு ஏறும்போது முதல் மாடித் திருப்பத்தில் நின்று, கீழே யாரையாவது திட்டினாள். திட்டுவதற்கு நின்றதாக இருக்கும். மூச்சு திரும்பியதும் ஏறினாள். கீழ் வீட்டுக்காரர்கள் அந்த மாதம் காரணமில்லாமல் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

அலெக்ஸாண்டர் திருவொற்றியூரில் கண்டெய்னர் யார்டு ஒன்றில் சூப்பர்வைசர், குடியிருப்பது அம்மாவோடுதான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதை அவன் மனைவி ஃப்ளோரா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துச் சொன்னாள். அவன் போனில் பார்த்து ஒரு கைக்கடிகாரம் வரவழைத்தான்.

"மா, இது நாடி பாக்கும். ஜாஸ்தியா போனாலும் கம்மியா போனாலும் எனக்கு போன்ல வந்துரும்."

"வந்தா இன்னா பண்ணுவ? கண்டெய்னர எறக்கி வெச்சிட்டு ஓடியாந்து என் நெஞ்ச புடிச்சிகினு நிப்பியா?"

"கட்டிகினு இரு மா. சொம்மா இருக்கட்டும்."

கட்டிக்கொண்டாள். மே 18, ஞாயிற்றுக்கிழமை, கேரளாவிலிருந்து லாரியில் வந்த ஐஸ் மீனைக் கொட்டகையில் வெட்டிக்கொண்டிருந்தபோது கடிகாரம் கூவியது. நிறுத்தத் தெரியவில்லை. நாலாவது தடவை கூவியதும் கழற்றிக் கெங்கம்மாவின் ஐஸ் பெட்டிக்குள் போட்டாள். அரைமணி நேரத்தில் அலெக்ஸாண்டர் பைக்கில் வந்து இறங்கினான். ஹெல்மெட்டோடு கொட்டகைக்குள் ஓடிவந்தான். நாடியே இல்லை என்று அவனுக்குச் செய்தி வந்திருந்தது. அவன் தாய் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். இருபத்தொரு பெண்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"இன்னாடா, பொணத்த தூக்க வந்தியா? இரு, இந்த ரெண்டு கிலோவ முடிச்சிட்டு வரேன்" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் மிச்சமிருந்த பயத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். ஆனால் அதற்குப் பிறகு மறைக்க முடியவில்லை. கெங்கம்மா மத்தியானத்துக்குள் அருள்பிரகாசத்திடம் சொல்லிவிட்டாள்.

அடுத்த இரண்டு நாள் பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று, சாத்துக்குடி இரண்டு கிலோ, மருதம்பட்டைப் பொடி ஒரு பொட்டலம். பூண்டைப் பாலில் வேகவைத்துக் குடிக்கச் சொன்னவள் தன் மூட்டுவலிக்கு ஏழு வருடமாக மருந்து தேடிக்கொண்டிருந்தவள். இன்னொருத்தி சுட்டது சரியாகச் சுடப்படவில்லை என்று கண்டுபிடித்தாள். காப்பீட்டு அட்டையில் செய்தால் பாதிதான் சுடுவார்களாம். சிலுவையம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். அவர்கள் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் வாய் திறந்தாள். "இவளுங்க மூஞ்ச பாத்தாலே நூறு துடிப்பு ஏறுது."

அவள் புருஷன் வால்டர் சன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சென்னைத் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். கப்பலின் கிடங்குக்குள் என்ன இருக்கிறதென்று வின்ச்காரனுக்குத் தெரியாது. கிடங்கு வாயின் விளிம்பில் நிற்கும் ஆள் கையைக் காட்டுவான். அந்தக் கையைப் பார்த்து இறக்க வேண்டும், ஏற்ற வேண்டும், நிறுத்த வேண்டும். வேலை நேரத்தில் பேச்சு கூடாது. வால்டர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். சண்டைகளில் அவர் எந்தப் பக்கமும் இருந்ததில்லை. சிலுவையம்மாள் அவரை வீட்டிலிருக்கும் பீரோவுக்கு ஒப்பாகக் கருதினாள். பீரோவிலாவது துணி வைக்கலாம் என்று அவர் எதிரிலேயே சொல்லியிருக்கிறாள்.

மே 21, புதன்கிழமை, ஆஸ்பத்திரியில் டாக்டர் உமைமா இசிஜி படத்தைப் பார்த்துவிட்டு மறுபடி சுடுவதற்கு முன் மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்க்கலாம் என்றார். தூங்க ஊசி போட்டு நெஞ்சில் ஒரு வினாடி. துடிப்பு ஒழுங்குக்கு வர வாய்ப்பு நிறைய. ஆனால் அதற்கு முன் இருபத்தொரு நாள் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட வேண்டும், காலை ஒன்று, இரவு ஒன்று. மேலறை நடுங்கும்போது அதற்குள் இரத்தம் தேங்கி உறையும். அந்த நேரம் திடீரென்று இதயம் சரியாக அடித்தால் உறைந்த கட்டியைப் பிடுங்கி மூளைக்கு எறியும். கை கால் விழும், பேச்சு போகும்.

"ஒரு வேளைகூட விடக் கூடாதும்மா. விட்டா சொல்லிடணும். மறுபடி முதல்லேருந்து எண்ணணும்."

"எண்றதுக்கு இன்னாம்மா. எண்ணிக்கலாம்."

ஜூன் 11 என்று தேதி கொடுத்தார். சிலுவையம்மாள் கணக்குப் போட்டாள். ஜூன் 15 விடியலில் படகுகள் போகும். பெரிய படகுகள் மீனோடு திரும்பி முதல் பெரிய ஞாயிறு ஜூன் 22. பதினொரு நாள் இடைவெளி இருக்கிறது. போதும்.

மறுநாள் வீட்டில் கானாங்கெளுத்தி கழுவும்போது செவுள் முனை விரலைக் கீறியது. அவளுக்கு அது காயமே இல்லை. வாயில் வைத்துச் சப்பிவிட்டு வேலையைப் பார்த்தாள். நிற்கவில்லை. மீன் சட்டி சிவந்தது. ஃப்ளோரா மஞ்சளை வைத்து அமுக்கினாள். வால்டரின் பழைய பனியன் ஒன்று முழுக்க நனைந்து நாற்பது நிமிடத்துக்குப் பிறகு நின்றது. அன்று இரவு சிலுவையம்மாள் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

வெட்டுகிறவள் கையில் நாளைக்குப் பத்து முள்ளாவது குத்தும். யாரும் பார்ப்பதில்லை, தண்ணீரில் முக்கினால் நின்றுவிடும். கை ஒழுகிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் எவனும் மீனை நீட்ட மாட்டான். தடைக்காலத்தில் ஐஸ் மீன் வருவது ஞாயிறுதான், வெட்டும் ஞாயிறுதான். அவள் சனிக்கிழமை இரவு மாத்திரையையும் ஞாயிறு காலை மாத்திரையையும் விட்டாள். ஞாயிறு இரவு தொடர்ந்தாள். மே 25, ஜூன் 1, ஜூன் 8. இதை ஒரு திருட்டாக அவள் நினைக்கவில்லை. அவள் வழிவழியாக அறிந்த விரதக் கணக்கு ஒன்று உண்டு. அதில் ஞாயிறு சேராது. தவக்காலம் சாம்பல் புதனிலிருந்து எண்ணினால் நாற்பத்தாறு நாள் வரும். ஆனால் ஒறுத்தல் நாற்பதே நாள். நடுவில் வரும் ஆறு ஞாயிறும் ஆண்டவருடைய நாள், அன்றைக்குக் கறி சாப்பிடலாம். இந்த வருடமும் அப்படித்தான் முடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இருபத்தொரு நாளை அவள் அதே விரல்களால் எண்ணினாள்.

ஃப்ளோரா தினமும் எட்டு மணிக்கு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து வைப்பாள். வியாசர்பாடிப் பெண், பி.காம் படித்தவள், துணிக்கடையில் கேஷ் கவுண்டரில் உட்காருகிறவள். சாப்பிட்டீங்களா அத்தே என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்று பதில் வரும். ஞாயிறன்று அவளுக்குக் கடையில் கூட்டம், காலையிலேயே போய்விடுவாள். மாமியார் சொன்னதை நம்புவது மரியாதை என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த மரியாதைக்குச் சிலுவையம்மாளிடம் விலையில்லை. மருமகளுக்கு மீனின் தலை எது வால் எது என்று தெரியாது என்பதுதான் அவள் எங்கும் சொல்லிவந்தது.

ஜூன் 11 காலை ஆஸ்பத்திரியில் நாலாம் படுக்கையில் அவளைப் படுக்கவைத்து நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். இரவிலிருந்து பட்டினி. திரையில் துடிப்பு 142 என்று இருந்தது, அப்புறம் 128, அப்புறம் 150. வால்டர் சுவரோரம் மாற்றுப்புடவைப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அலெக்ஸாண்டர் காப்பீட்டுக் கையெழுத்துக்காகக் கீழே வரிசையில் இருந்தான். உமைமா வந்து கேஸ் அட்டையைப் பார்த்தார்.

"மாத்திரை ஒரு வேளைகூட விடலையே?"

"உட்லம்மா."

"ஒரு நாள்கூட?"

"ஒரு நாளும் உட்ல."

நர்ஸ் ஊசியை எடுத்தாள். அப்போது வால்டர் பேசினார். சத்தமாகப் பேசவில்லை. சிலுவையம்மாளே முதலில் வேறு யாரோ என்று நினைத்துத் திரும்பினாள்.

"ஞாயித்துக்கெளம இவ கைல ரத்தம் வர்ல, டாக்டரம்மா."

உமைமாவுக்குப் புரியவில்லை. வால்டர் பையைக் கீழே வைத்தார்.

"மத்த நாள்ல ஒரு முள்ளு குத்துனா அரமணி நேரம் ஓடுது. பனியனு நனையுது. ஞாயித்துக்கெளம போயி அம்பது கிலோ வெட்டிட்டு வரா. கைல பாக்குறேன், குத்துனது எல்லாம் கீது. காஞ்சி கீது. ஒரு துணில கறையில்ல. மூணு ஞாயிறு பாத்துட்டேன். அன்னிக்கி மாத்தர உள்ள போவல."

சிலுவையம்மாள் வயர்களோடு எழுந்து உட்கார்ந்தாள். திரையில் எண் குதித்தது.

"யோவ். முப்பது வருசமா வாய தொறக்காத ஆளு. எம் பொண்ண அந்த குடிகாரனுக்கு குடுக்கசொல்லோ தொறந்தியா? உன் தம்பி வூட்ட எழுதி வாங்கிகினு போவசொல்லோ தொறந்தியா? இங்க வந்து, டாக்டரு எதுர்க்க, எனக்கு எதுரா சாட்சி சொல்றியா?"

வால்டர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டவர் போலப் பையை எடுத்துக்கொண்டார்.

"நெஜமாம்மா?" என்றார் உமைமா.

"ஞாயித்துக்கெளம சாப்டல. அதுக்கின்னா?"

"ஒரு நாளும் விடலைன்னு இப்பத்தானே சொன்னீங்க."

"நாள எங்கம்மா உட்டேன்? ஞாயிறு அதுல வராதே. நாங்க நாப்பது நாளு தவசு இருக்கோம். நடுவுல ஆறு ஞாயிறு. அத்த சேக்க மாட்டோம். ஆண்டவருக்கே அந்த கணக்குதான். உன் மாத்தரைக்கு அதுக்கு மேலயா?"

நர்ஸ் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். உமைமா சிரிக்கவில்லை.

"எங்க நோன்புல ஒரு நாள் விட்டா அப்புறம் வெச்சு தீர்க்கணும்மா."

"அது உங்க கணக்கு."

"சரி. ஆனா ரத்தம் ஞாயித்துக்கிழமையும் உறையும்."

ஊசியைத் திரும்ப வைக்கச் சொன்னார். அன்று மத்தியானம் தொண்டைவழியாகக் குழாய் விட்டு இதயத்தைப் படம் பிடித்தார்கள். மயக்கம் தெளிந்த பிறகு உமைமா திரையைத் திருப்பி அவளுக்கே காட்டினார். மேலறையின் மூலையில் ஒரு பை மாதிரி இருக்கிறது, அதற்குள் இது என்றார். கறுப்பாக, ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, லேசாக ஆடியது.

சிலுவையம்மாள் நீண்டநேரம் பார்த்தாள். அவளுக்கு அது தெரிந்த பொருள். மீனின் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்த பிறகு, நடுமுள்ளோடு ஒட்டிக் கறுப்பு இரத்தம் ஒரு வரியாகக் கிடக்கும். கட்டைவிரல் நகத்தால் அதை வழித்தெடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் குழம்பு கசக்கும். எடுக்காமல் கொடுக்கிற வெட்டுக்காரியை அவள் வெட்டுக்காரியாகவே மதித்ததில்லை.

"கலீஜ்" என்றாள்.

ஷாக் நிறுத்தப்பட்டது. புதுத் தேதி ஜூலை 9. அதுவரை மாத்திரை, எல்லா நாளும்.

திரும்பி வரும் ஷேர் ஆட்டோவில் அலெக்ஸாண்டர் அப்பாவிடம் ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டான். மூன்று தடவை பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும் என்று வால்டர் சொன்னார். இந்தப் பதிலைக் கேட்டுச் சிலுவையம்மாள் வெளியே துப்பினாள். எண்ணூர் சாலையில் டிரெயிலர்கள் நகராமல் நின்றன. மணலிப் பக்கமிருந்து வந்த காற்றில் கந்தக வாடை இருந்தது.

அன்றிரவிலிருந்து அவள் வால்டரோடு பேசுவதை நிறுத்தினாள். மாத்திரையை விடவில்லை. புருஷன் சொன்னதற்காக விழுங்குகிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, அவர் வருமுன்பே விழுங்கிவிட்டு வெறும் டம்ளரை அவர் நாற்காலிக் கைப்பிடியில் வைத்தாள். அவர் அதைக் கழுவி வைத்தார். சாப்பாடு வழக்கம்போல நடந்தது. பழைய சோறும் சுட்ட கருவாடும். அவள் தட்டில் உப்பு குறைந்த கருவாடாகப் பார்த்து ஃப்ளோரா வைத்தாள். அதையும் அவள் குறைசொன்னாள்.

ஜூன் 18 சாயங்காலம் அருள்பிரகாசம் வந்தார். ஹார்லிக்ஸ் கொண்டுவரவில்லை. நாற்காலியில் கைக்குட்டை விரித்து உட்கார்ந்தார். சிலுவையம்மாளின் உடல்நலத்தில் சங்கத்துக்கு எவ்வளவு அக்கறை என்று கொஞ்சநேரம் பேசினார். இந்த வருடம் ஓய்வெடுத்துக்கொள்ளலாமே, கெங்கம்மாவின் மகள் சின்னப்பெண், தெம்பாக இருக்கிறாள், குழாயடியை அவள் பார்த்துக்கொள்ளட்டும், அடுத்த வருடம் பேசிக்கொள்ளலாம் என்றார்.

"கெங்கம்மா எவ்ளோ நண்டு குடுத்தா?" என்றாள் சிலுவையம்மாள்.

"தோ பாரு சிலுவ, அப்டிலாம் பேசக்கூடாது. சங்கம் எல்லாருக்கும் பொது."

"சங்கமா. உன் முத்தரைய காட்டி ஒரு டீ வாங்கி குடி பாப்போம். ஞாயித்துக்கெளம அஞ்சு மணிக்கு உக்காருவேன். பதினோரு மணி வரைக்கும் உக்காந்தா எடம் என்து. எழுந்தா அவ எடுத்துக்கட்டும். அதானே வழக்கம்? நோட்ட எடுத்துகினு வா."

அவர் போன பிறகு ஃப்ளோரா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அத்தே, நான் லீவு போட்டுட்டு பக்கத்துல உக்காரட்டா? செதில மட்டும் எடுத்துத் தரேன்."

"நீயா? சங்கராவுக்கும் பாறைக்கும் பேரு தெர்யுமா உனுக்கு? என் கையால வெட்னாதான் செல்லும். நீ போயி துணிய மடி."

ஜூன் 22 காலை நாலு மணிக்கு எழுந்தாள். டீயோடு மாத்திரையை விழுங்கினாள். வால்டர் பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கிய பிறகு வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, அவருக்குக் காட்டினாள். போய்விட்டாள்.

இரண்டு மாதத் தடைக்குப் பிறகு வந்த மீன். வஞ்சிரம், பாறை, சங்கரா, கூடைகூடையாக நண்டு. சென்னையில் ஞாயிற்றுக்கிழமை மீன் சாப்பிடுகிறவர்கள் பாதிப்பேர் அன்று காசிமேட்டில் நின்றது போலிருந்தது. ஐந்திலிருந்து ஏழரை வரை அவள் நிமிரவில்லை. பத்தொன்பது வருடக் கை. செதில் பறந்தது, கத்தி கட்டையில் ஒரே சீராக விழுந்தது. நெஞ்சு மட்டும் தன்னிஷ்டத்துக்கு அடித்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. கெங்கம்மாவின் மகள் புதுக் கட்டை, புதுக் கத்தியோடு தாய்க்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

ஏழே முக்காலுக்கு ஒரு கெளுத்தியின் முள் உள்ளங்கையில் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டுத் துணியைச் சுற்றினாள். துணி நனைந்தது. இன்னொன்று சுற்றினாள். அதற்கு மேல் பாலித்தீன் பை. கத்தி வழுக்கியதில் பெருவிரலும் கிழிந்தது. அண்ணாநகரிலிருந்து காரில் வந்த ஒருவர் ஐந்து கிலோ வஞ்சிரத்தை நீட்டியிருந்தார். துண்டு போட்டு அடுக்கும்போது வெள்ளைச் சதையின்மேல் சொட்டு விழுந்தது. மறுபடி விழுந்தது.

"என்னம்மா இது, மீன் ரத்தமா உன் ரத்தமா?"

"கழுவுனா போயிடும் சார்."

"வேண்டாம். பையைக் குடு." மிச்ச மீனையும் துண்டுகளையும் வாரி எடுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டைக்குப் போனார். கெங்கம்மா அவரை நிமிர்ந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். பின்னால் நின்றவர்களும் நகர்ந்தார்கள். குழாயடிக் கட்டைக்கு முன்னால் தரை தெரிந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. கையைக் குழாய்க்கடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். உட்கார்ந்திருந்தாலே போதும் என்றால் பதினொன்று வரை உட்கார்ந்திருப்பாள். ஆனால் வழக்கம் வெட்டச் சொல்கிறது. தெரிந்த கிழவர் ஒருவர் இரக்கப்பட்டுக் கால்கிலோ நெத்திலியைக் கொடுத்தார். நெத்திலியை வெட்டுவதில்லை, கிள்ளுவார்கள். அவள் அதை அவர் பையிலேயே திரும்பப் போட்டாள்.

ஒன்பதே காலுக்கு அருள்பிரகாசம் நோட்டோடு வந்தார். தொண்டையைச் செருமினார். சிலுவையம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

"நீ எழுந்திருன்னு சொல்றதுக்கு மின்னாடி நானே எழுந்துட்டேன். அத்த எழுதிக்கோ."

பிறகு கெங்கம்மாவின் மகள் பக்கம் திரும்பினாள்.

"குழாய இறுக்கி மூடாத. வாஷர் போயிடும். உங்கம்மாவுக்கு அது தெர்யாது."

கட்டையைத் தூக்க முடியவில்லை. வால்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போதிலிருந்து நின்றார் என்று யாருக்கும் தெரியாது. அவர் உள்ளே வந்து கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டார். அவள் அவருக்கு இருபதடி முன்னால் நடந்தாள்.

ஜூலை 9 அன்று மறுபடி படம் பிடித்தபோது கட்டி இல்லை. மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். துடிப்பு எழுபத்தாறுக்கு வந்து ஒழுங்காக நின்றது. ஆகஸ்ட் 2, சனிக்கிழமை, மறுபடி தவறியது. இனி அதைத் திருத்த முயல வேண்டாம், வேகத்தைக் குறைக்கும் மாத்திரையும் உறையாமலிருக்கும் மாத்திரையும் ஆயுள்வரை போதும் என்று டாக்டர் உமைமா எழுதிக்கொடுத்தார். சிலுவையம்மாள் இப்போது ஞாயிறு காலைகளில் கொட்டகை வாசலில் நின்று மீன் வாங்கி வருகிறவர்களைக் கூப்பிட்டு உள்ளே அனுப்புகிறாள். வெட்டுவதில்லை. கட்டையையும் கத்தியையும் ஆகஸ்ட் கடைசியில் கெங்கம்மாவின் மகள் விலைக்கு வாங்கிக்கொண்டாள்.